கரும்புத் தோட்டத்தைத் தாண்டினால் கடல்... மொரீஷியஸில் ஒரு பகல்!

வேன் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘‘வண்டிய நிறுத்தச் சொல்லு மச்சான்’’ என்றார் மாமா. கடலைப் பார்க்க வந்தவர் கரும்பைப் பார்த்துவிட்டார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். விழுப்புரம் பக்கம் நாலு ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறார். அவர்களுடைய மகள் மொரீஷியஸ் நாட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். ‘ஒரு தடவையாவது வந்து பாருங்க’ என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், போன ஜூன் மாதம் டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். மாமா, அக்கா, துணைக்கு நான். அவளுக்கு விடுப்பு கிடைக்காத ஒரு நாளில், வழிகாட்டியோடு வேன் ஏற்பாடு செய்து, ‘மலையும் பாத்துடுங்க, கடலும் பாத்துடுங்க’ என்று எங்களை ஏற்றிவிட்டாள். காலை 8 மணிக்கு வீட்டு வாசலில் ஏற்றி, சாயங்காலம் 5 மணிக்கு மேல் அதே வாசலில் இறக்கிவிடும் ஒருநாள் சுற்று அது. அந்தத் தீவுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தென்மேற்குச் சுற்றைப் போகாமல் திரும்புவதில்லை.

‘வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கும் நம்ம பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். சம்பந்தம் அந்தப் பத்தாவது நிமிடத்தில் ஆரம்பித்தது.

சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைப் பூ. அவர்களுக்கு ஜூன் மாதம் குளிர்காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் நமக்குத் தலைகீழ். கரும்பு பூத்து நிற்கிற காலம். வெட்டும் அப்போதுதான் தொடங்கி டிசம்பர் வரை போகும். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் அந்தப் பூவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும், ‘‘இப்படிப் பூக்க விட்டா தக்கை பாஞ்சி எடை போயிடுமே, இவங்க ஏன் இன்னும் வெட்டல?’’ என்று கவலைப்பட்டார்.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அவரேதான் ஓட்டுநரும். தமிழ் வம்சாவளி, பெயரும் முருகன் பெயர்தான். ஆனால், தமிழ் பேச வராது. வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. சாமி, காவடி, அம்மா, ரசம் என்று சில சொற்கள் மட்டும் நாக்கில் தங்கியிருக்கின்றன. மாமாவை ‘தோந்தோன்’ என்று அழைத்தார். அப்படியென்றால் கிரியோலில் மாமா, சித்தப்பா எல்லாம்தான். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்ல, மாமா தமிழில் கேட்டதை நான் ஆங்கிலத்தில் கேட்க, நாள் முழுக்க இதே வேலையாகப் போனது.

‘‘ஆலை கூப்பிடுற வரிசைப்படிதான் வெட்டணும் தோந்தோன். நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது’’ என்றார்.

மாமா சிரித்துவிட்டார். ‘‘அங்கேயும் இதே கதைதானா!’’

மொரீஷியஸ் ஒரு சின்னத் தீவு. பரப்பளவு 1,865 சதுர கிலோமீட்டர். நம் ஊரில் ஒரு சிறிய மாவட்டம் அளவுதான். அதில் நடுவே எரிமலை உயர்த்திவிட்ட மேட்டுநிலம். சுற்றிலும் கடற்கரைச் சமவெளி. நடு மேட்டில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டரைத் தொடும் மழை, மேற்குக் கரையில் 900 மில்லிமீட்டர்தான். காரில் ஒரு மணி நேர தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பிய அக்கா, மத்தியானம் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டது இதனால்தான். போகிறவர்கள் இரண்டுக்கும் தயாராகப் போக வேண்டும். குடையை மறந்தால் மலையில் நனைவது உறுதி.

கரும்பு இந்தத் தீவுக்குச் சொந்தப் பயிர் கிடையாது. 1639-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1810-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் என்று எல்லோரும் பெருக்கினார்கள். புயல் அடிக்கிற தீவு என்பதால் வேறு பயிர் சாய்ந்தால் போயே போய்விடும். கரும்பு சாய்ந்தாலும் மறுபடி நிமிரும். அதனால்தான் அது நிலைத்தது. 1835-ல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட வேலைக்கு ஆள் இல்லாமல், கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக நம்மவர்களை ஏற்றி வந்தார்கள். 1920 வாக்கில் அது முடிவதற்குள் வந்தவர்கள் நாலரை லட்சம் பேருக்கு மேல். அவர்கள் வந்து இறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ என்ற இடம், தலைநகர் போர்ட் லூயிஸ் கடலோரத்தில், இன்று உலகப் பாரம்பர்யச் சின்னம். எங்கள் சுற்றில் அது வராது. தனியாக ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

வயலுக்கு நடுவே நடுவே கருங்கல் குவியல்கள். சில குவியல்கள் கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கின்றன. எரிமலைப் பாறை நிறைந்த நிலம் அது. கையால் கல் பொறுக்கி, சுமந்து, ஓரம் கட்டித்தான் ஒவ்வொரு வயலையும் உண்டாக்கியிருக்கிறார்கள். மாமா ரொம்ப நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குவியல்களின் மேல் மைனாக்கள் உட்கார்ந்திருந்தன. நம் ஊர் மைனாதான். வெட்டுக்கிளித் தொல்லையை ஒழிக்க 1762-ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பூச்சியைப் பறவையை வைத்துக் கட்டுப்படுத்த நாடு விட்டு நாடு கொண்டுபோனதற்குப் பழைய உதாரணமாக வேளாண் பாடங்களில் இன்றைக்கும் சொல்லப்படுவது இந்த மைனா.

முதலில் நின்ற இடம் க்யூர்பிப் ஊரில் இருக்கும் ‘ட்ரூ ஓ சேர்’. மான் பள்ளம் என்று அர்த்தம். தணிந்துபோன எரிமலையின் வாய். இப்போது உள்ளே மரம் அடர்ந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. மேலே நின்றால் தீவின் பாதி தெரியும் என்றார்கள். எங்களுக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது.

அங்கிருந்து கிளம்பும்போது வழிகாட்டி, ‘‘கப்பல் பொம்மை செய்யுற கடை ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?’’ என்றார். இதுபோன்ற ஒருநாள் சுற்றுகளில், எந்த நாடானாலும், இப்படி ஒரு கடை நிச்சயம் வரும். வாங்கினால் வண்டிக்காரருக்குக் கமிஷன். ‘வேண்டாம்’ என்று சொல்வதில் தப்பில்லை. நாங்கள் சொன்னோம். அவர் முகம் கோணவில்லை. அந்த நேரத்தைத்தான் பிறகு வேறு ஒரு இடத்தில் செலவு செய்தோம்.

அடுத்தது கங்கா தலாவ். இதுவும் எரிமலைக் குழியில் தேங்கிய ஏரிதான். மொரீஷியஸ் இந்துக்களுக்குக் கங்கை மாதிரி. மகா சிவராத்திரிக்குத் தீவின் மூலை முடுக்கெல்லாம் இருந்து மக்கள் காவடி சுமந்து நடந்தே வருகிறார்கள். வாசலில் 108 அடி உயரத்தில் சிவன் நிற்கிறார். அக்கா தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் ஒரு குரங்கு வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. இந்தக் குரங்குகளும் இந்தத் தீவுக்குச் சொந்தம் இல்லை. வெள்ளைக்காரர்கள் வந்த காலத்தில் கப்பலில் வந்தவை. இப்போது காட்டுப் பறவைகளின் முட்டையையும், விவசாயிகளின் பழத்தையும் விடுவதில்லை. பழ மரங்களுக்கு வௌவால் தொல்லை வேறு. லிச்சி, மாங்காய்களைப் பழந்தின்னி வௌவால் தின்கிறது என்று 2015-லிருந்து அரசே சுட்டுக் கொல்ல உத்தரவிட்டது. அது அந்தத் தீவுகளில் மட்டுமே இருக்கிற இனம் என்று இயற்கை ஆர்வலர்கள் சண்டை போடுகிறார்கள். இடையில் மரத்துக்கு வலை போட மானியமும் தருகிறார்கள். ‘‘வலைக்கு மானியமா? நம்ம ஊருல காட்டுப்பன்னிக்கு யாரு குடுக்கறா?’’ என்றார் மாமா.

அந்த மேட்டுநிலத்தில் கொஞ்சம் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. முன்பு இன்னும் நிறைய இருந்தனவாம். விலை சரிந்ததும் பெரும்பகுதியைப் பிடுங்கிக் கரும்பு போட்டார்கள். பிறகு கரும்பு விலை சரிந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மலைச் சாலை இப்போது பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. 1994-ல் அறிவிக்கப்பட்டது. 65 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. நாட்டிலேயே உயரமான சிகரம் இங்கேதான். அதுவும் 828 மீட்டர்தான். ஏலகிரி அளவுகூட இல்லை. ஆனால், பார்வை முனையில் நின்று பார்த்தால் பச்சைப் பள்ளத்தாக்கு, தூரத்தில் அருவி, அதற்கும் பின்னால் கடல் என்று மூன்றும் ஒரே பார்வையில் விழுகின்றன. நம் மலைகளில் கிடைக்காத காட்சி அது.

இந்தக் காட்டில் ஒரு பறவைக் கதை உண்டு. மொரீஷியஸ் வல்லூறு என்ற சிறிய வேட்டைப் பறவை, 1974-ல் காட்டில் நாலே நாலுதான் தெரிய மிஞ்சியிருந்தது. மருந்தடிப்பு, காடழிப்பு, குரங்கு, பூனை எல்லாம் சேர்ந்து அந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தன. கூண்டில் வளர்த்து, காட்டில் விட்டு, நூற்றுக்கணக்கில் பெருக்கியிருக்கிறார்கள். டோடோ பறவையை அழியவிட்ட அதே தீவு இது.

சாலை ஓரமெல்லாம் சிவப்பாகச் சின்னச் சின்னக் கொய்யாப் பழங்கள். கோலிக்குண்டு அளவுதான். சீனக் கொய்யா என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து வாளியில் பறித்துப் போவார்களாம். பிரேசிலிலிருந்து வந்த இந்தச் செடி காட்டைப் பிடித்து மற்ற மரங்களை முளைக்க விடுவதில்லை என்பதால் வனத்துறைக்கு இது எதிரி. நம் ஊர் சீமைக் கருவேலம் போலத்தான், ஆனால் பழம் ருசி! சாலையோரம் அதில் உப்பு, மிளகாய் தூவி விற்கிறார்கள். அக்கா இரண்டு பொட்டலம் வாங்கினார்.

சமரேல் என்ற மலை ஊரில் ‘ஏழு வண்ண மண்’ இருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று அலை அலையாக மண்மேடு. எரிமலைப் பாறை மக்கி மண்ணாகி, கரையக்கூடியதெல்லாம் ஆயிரக்கணக்கான வருட மழையில் கரைந்துபோக, இரும்பும் அலுமினியமும்தான் மிஞ்சியிருக்கின்றன. இரும்பு அதிகமான இடம் சிவப்பு, அலுமினியம் அதிகமான இடம் ஊதா, நீலம். அதில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. மாமா வேலியைப் பிடித்தபடி நின்று, ‘‘சத்தெல்லாம் போன மண்ண டிக்கெட் போட்டுக் காட்டறான். நம்ம ஊருல இதே மண்ண வச்சிக்கிட்டு ஏரு ஓட்டிக்கிட்டு இருக்கோம்’’ என்றார். பக்கத்தில் இருந்த வட இந்தியக் குடும்பம் எதற்குச் சிரிக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தது. அதே வளாகத்துக்குள் எண்பது மீட்டருக்கு மேல் விழுகிற ஓர் அருவியும் இருக்கிறது. கடற்கரைக்கு அவசரப்படுகிறவர்கள் அருவியை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடக் கூடாது.

மத்தியானச் சாப்பாட்டை, பெரிய உணவகத்தில் இல்லாமல், ஒரு வீட்டில் சாப்பிட்டோம். சமரேலில் பல குடும்பங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து மேசை போட்டு, தோட்டத்தில் விளைந்ததைச் சமைத்துப் போடுகின்றன. பனை வகை மரம் ஒன்றின் குருத்தை மெல்லிசாகச் சீவி ஒரு பச்சடி. ஒரு தட்டுக்கு ஒரு மரத்தையே வெட்ட வேண்டும் என்பதால் அதற்குக் ‘கோடீஸ்வரர் பச்சடி’ என்று பெயர். மான் கறி, பருப்பு, சோறு, ‘ப்ரேட் மூரூம்’. அக்கா ஒரு வாய் எடுத்துவிட்டு, ‘‘அட, முருங்கைக் கீரை!’’ என்றார். முருங்கைதான் அங்கே மூரூம் ஆகியிருக்கிறது. பீர்க்கங்காய் ‘பிப்பங்கை’. மொழியை மறந்தவர்கள் காய்கறிப் பெயரை விடவில்லை. ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. அந்தச் சமையல்கார அம்மா காட்டினார்.

கடைசியில் அன்னாசி. சின்னப் பழம், நல்ல மஞ்சள், நார் இல்லை. தோலைச் சுழல் சுழலாகச் சீவி, காம்பைக் கைப்பிடியாக விட்டு, மிளகாய் உப்பு தொட்டுத் தருகிறார்கள். விக்டோரியா என்கிறார்கள். நம்மிடம் இதன் சொந்தக்காரன் ஏற்கெனவே இருக்கிறான். கேரளாவின் வாழக்குளத்திலும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பருக்கு ஊடுபயிராகவும் போடுகிற ரகத்தின் பெயரே ‘மொரீஷியஸ்’. இரண்டும் ‘குயின்’ வகையைச் சேர்ந்தவை. மாமா சாப்பிட்டு முடித்து, பழத்தின் கொண்டையைக் கர்சீப்பில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ‘‘ஊருக்குக் கொண்டுபோயி வரப்புல வைக்கிறேன்.’’

அது முடியாது. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

சமரேலிலிருந்து கடலை நோக்கிச் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. பாதி வழியில் மாமா மறுபடியும், ‘‘நிறுத்தச் சொல்லு’’ என்றார். சாலையோரம் கரும்புதான், ஆனால் காடு மாதிரி. சோகை உரிக்காமல், சாய்ந்து, கொடி ஏறி, நடுவில் முள்ளும் கொய்யாவும் முளைத்த கரும்பு. ‘‘மறுதாம்பு விட்டு நாலஞ்சு வருஷம் யாரும் உள்ள போகல. யாரு நெலம் இது? பாவி, இப்படிப் போட்டு வச்சிருக்கான்?’’

நான் கேட்டேன். வழிகாட்டி வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு, ‘‘என்னுடையது’’ என்றார்.

ஐந்து ஆர்ப்பாங். அவர்கள் நிலத்தை ஏக்கரில் அளப்பதில்லை; பிரெஞ்சுக் கணக்கு. ஒரு ஆர்ப்பாங் என்பது நம் ஒரு ஏக்கர் 4 சென்ட். அவருடைய தாத்தாவின் அப்பா கூலியாக வந்தவர். தாத்தா துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தது. அப்பா கடைசிவரை கரும்பு வெட்டினார்.

‘‘அப்பா இருக்கும்போது ஐரோப்பாவுக்குப் போற சர்க்கரைக்கு நிச்சய விலை இருந்துச்சு. அதை வச்சிதான் என்னைப் படிக்க வச்சார்’’ என்றார். 1975-லிருந்து ஐரோப்பிய நாடுகள் உலகச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, குறிப்பிட்ட அளவு மொரீஷியஸ் சர்க்கரையை வாங்கிக்கொண்டிருந்தன. 2006-க்கும் 2009-க்கும் இடையில் அந்த விலையை 36 சதவிகிதம் குறைத்தார்கள். பிறகு ஒப்பந்தமே முடிந்தது. சுதந்திரம் வாங்கிய 1968-ல் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரையிலிருந்துதான். 19-ம் நூற்றாண்டின் நடுவில் 250-க்கும் மேல் ஆலைகள் ஓடிய தீவில் இப்போது மூன்றே ஆலைகள். 2000 வாக்கில் 70,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கரும்புப் பரப்பு, பாதியை ஒட்டிக் குறைந்துவிட்டது. பெரிய தோட்டக் கம்பெனிகள் இயந்திரம் போட்டு, சக்கையில் மின்சாரம் எடுத்து, கடலோர நிலத்தில் ஹோட்டலும் பங்களாவும் கட்டித் தப்பித்துக்கொண்டன. ஐந்து ஏக்கர்காரர் இயந்திரம் இறக்க முடியாது, கல் நிலம், சரிவு. வெட்டுவதற்கு ஆளும் கிடையாது.

‘‘சக்கைக்கும் இப்ப விவசாயிக்குக் காசு தர்றாங்க. கழிவுப்பாகுக்கும் வருது. ஆனா, பக்கத்துல இருந்த ஆலை மூடினதும் லாரி வாடகை கூடிப்போச்சு. அப்பா போனதுக்கு அப்புறம் ரெண்டு வெட்டு வெட்டினேன். கணக்குப் பாத்தா, என்னோட வேன் ஒரு மாசத்துல சம்பாதிக்கறத இந்த நிலம் ஒரு வருஷத்துல தரல’’ என்றார்.

மாமா இறங்கி உள்ளே போய்விட்டார். ஒரு கரும்பை ஒடித்து, கணுவைப் பார்த்து, பல்லால் உரித்து மென்றார். ‘‘இனிப்பு இருக்குது. வேரும் சாகல’’ என்றார். அங்கே ஒருமுறை நட்டால் ஏழு, எட்டு மறுதாம்புவரை விடுவது சாதாரணம் என்று வழிகாட்டி சொன்னபோது நம்பவே இல்லை. பணம் எடைக்கு இல்லை, கரும்பில் இருக்கிற சர்க்கரையைச் சோதித்து அதற்குத்தான் என்பதையும் இரண்டு முறை கேட்டார். நமக்கும் 10.25 சதவிகிதக் கட்டுமானம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால், அது ஆலையின் சராசரி. நம் கரும்பு எவ்வளவு கொடுத்தது என்று நமக்கு யாரும் தனியாகச் சொல்வதில்லை.

நிலத்துக்கு இப்போது இரண்டு பேர் கேட்கிறார்களாம். பக்கத்துக்காரர் குத்தகைக்கு எடுத்து அன்னாசி போடத் தயார். இன்னொருவர் தரகர். கடல் தெரிகிற சரிவு என்பதால், வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு கட்டி விற்க மொத்தமாகக் கேட்கிறார். தரகர் சொல்லும் தொகையில் மகனை பிரான்சில் படிக்க வைத்துவிடலாம். முடிவு சொல்ல இன்னும் ஒரு மாதம்தான் தவணை.

‘‘நீங்க என்ன செய்யப் போறீங்க?’’ என்று கேட்டேன்.

‘‘தினமும் இந்த வழியாத்தான் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிட்டுப் போறேன். யாரும் நிறுத்தச் சொன்னதில்ல’’ என்றார். கேள்விக்குப் பதில் அது இல்லைதான்.

மாமாவுக்கு இதை மொழிபெயர்த்தபோது அவர் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் அவர் மகனும் ‘ரோட்டு மேல இருக்கு, மனை போட்டு வித்துடலாம்’ என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறான். ஆலை நிலுவை வராத வருடங்களில் மாமாவே அந்தப் பேச்சை எடுத்திருக்கிறார். கடைசியில், ‘‘குத்தகைக்கு விட்டா நெலம் திரும்ப வரும். வித்தா வராது. அத மட்டும் சொல்லு’’ என்றார். ‘‘ஊடால சோகைய மூடாக்காப் போட்டு அன்னாசி வச்சா களையும் வராது, கல்லு நெலத்துக்குத் தண்ணியும் நிக்கும். அதையும் சொல்லு.’’

வழிகாட்டி கவனமாகக் கேட்டுக்கொண்டு, ‘‘யார் செய்வா தோந்தோன்?’’ என்றார்.

அதற்கு மாமாவிடம் பதில் இல்லை. எங்கள் ஊரிலும் அதே கேள்விதான்.

அப்போதுதான் கொண்டை விஷயத்தைச் சொன்னேன். செடி, விதை, கன்று எதுவானாலும் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசின் பயிர் நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. அவர்கள் நாட்டுக்குள்ளும் கரும்புத் துண்டோ மண்ணோ கொண்டுபோகத் தடை. மாமா கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்து, சாலையோரக் கல் குவியலுக்குப் பக்கத்தில் சின்னக் குழி பறித்து, கொண்டையை அங்கேயே வைத்து மண் அணைத்தார். கொண்டை வைத்தால் காய்க்க இரண்டு வருடம் ஆகும். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, ‘‘குரங்கு தின்னுடும்’’ என்றார். ஆனால், வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து ஊற்றினார்.

அதற்குப் பிறகுதான் கடல். லெ மோர்ன் என்ற தீபகற்பம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் 556 மீட்டர் ஒற்றைப் பாறை மலை. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். 1835-ல் விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, பலர் உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இதுவும் 2008-லிருந்து உலகப் பாரம்பர்ய இடம். மேலே ஏறுகிறவர்கள் விடியற்காலையிலேயே தொடங்க வேண்டும். ஒருநாள் சுற்றில் அது அடங்காது.

தீவைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுவதும் பவளப்பாறை வேலி இருப்பதால், பெரிய அலை வெளியிலேயே உடைந்துவிடுகிறது. உள்ளே குளம் மாதிரி தண்ணீர், இடுப்பளவு. மெரினாவில் காலை நனைக்கவே பயப்படுகிற அக்கா, முட்டிவரை இறங்கி நின்றார். ஆனால், செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. பவளப்பாறை கிழிக்கும், கடல் முள்ளெலி குத்தும். அதற்கென்றே ரப்பர் செருப்பு கடற்கரைக் கடைகளில் விற்கிறது. ஹோட்டல் முன்னால் இருந்தாலும் கடற்கரை மணல் பொதுச் சொத்துதான், யாரும் உட்காரலாம்.

மணல் ஓரம் முழுக்க சவுக்கு. மாமா அண்ணாந்து பார்த்து, ‘‘இந்த ஒரு வரிசையில எத்தன டன் தேறும் தெரியுமா?’’ என்று ஆரம்பித்துவிட்டார். அங்கே அதை வெட்டுவதில்லை, நிழலுக்கு விட்டிருக்கிறார்கள். ஆனால், சில இடங்களில் அலை மணலை அரித்து, வேர் வெளியே தெரிய மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன.

அங்கே உட்கார்ந்திருந்தபோது வழிகாட்டி இன்னொன்று சொன்னார். 2020 ஜூலையில் ஒரு ஜப்பானியக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையில் ஏறி, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அப்போது மக்கள் தாங்களாகவே திரண்டு, கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, நீளமான மிதவைத் தடுப்பு செய்து கடலில் விட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். ‘‘என் நிலத்திலிருந்தும் நாலு லோடு போச்சு. அந்த வருஷம் அது ஒண்ணுதான் அங்கேயிருந்து வெளிய போன விளைச்சல்’’ என்றார்.

திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது மாமா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ‘‘தவணை முடியறதுக்குள்ள எனக்கு ஒரு போன் போடு தம்பி’’ என்றார், தமிழிலேயே. அதை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

போக நினைக்கிற வாசகர்களுக்குச் சில விவரங்கள்

‘எந்த மாதம் போகலாம்?’ மே முதல் நவம்பர் வரை குளுமை, மழையும் குறைவு. கரும்பு வெட்டைப் பார்க்க ஜூலைக்கு மேல் போகலாம். நவம்பருக்குப் பிறகு ஏப்ரல் வரை வெயிலோடு புயல் காலமும்கூட.

‘விசா கஷ்டமா?’ இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா அங்கே போய் இறங்கும்போது கட்டணமில்லாமல் தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால்.

‘ஒருநாள் சுற்றுக்கு எப்படிப் பேசுவது?’ மற்றவர்களோடு சேர்ந்து போகும் வேன் மலிவு. ஆனால், நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்ல முடியாது. குடும்பமாகப் போனால் தனி வண்டிதான் நல்லது. நுழைவுச் சீட்டும் சாப்பாடும் கட்டணத்துக்குள் அடங்குமா, வெளியிலா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவர்கள் ரூபாய் ஒன்றுக்கு நம் பணம் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரூபாய்’ என்றதும் நம் கணக்கில் வாங்கிவிட்டு, அக்கா மாதிரி இரவு வீட்டுக்கு வந்து முழிக்காதீர்கள்.